தூங்குமூஞ்சிக் கட்டையும் ஸ்பிரிங்பட்டை உளியும்

மரம் செதுக்கக் கற்றுத்தரும் காணொளிகள் யூடியூபில் கொட்டிக் கிடக்கின்றன. எதைத் திறந்தாலும் முதல் நிமிடத்திலேயே ஒரு பெயர் வந்துவிடும்: பாஸ்வுட். வெளுத்த நிறம், நெருக்கமான நார், எந்தப் பக்கம் கத்தி வைத்தாலும் முரண்டு பண்ணாத சுபாவம். அமெரிக்காவில் வளர்வது. இதே இனத்தைச் சேர்ந்த லிண்டன் ஐரோப்பாவில் உண்டு. ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன் ஜெர்மனியில் டில்மன் ரீமன்ஷ்னைடர் தேவாலயங்களுக்குச் செதுக்கிய சிற்பங்களில் பலவும் அந்த லிண்டன் மரத்தில்தான். அவர்கள் ஊரில் அவர்கள் மரத்தைச் செதுக்கினார்கள், சரி. அதைப் பார்த்துவிட்டுச் சென்னையில் உட்கார்ந்துகொண்டு பாஸ்வுட் துண்டை ஆன்லைனில் தேடுவதுதான் எனக்குப் புரியவில்லை. சோப்புக்கட்டி அளவுத் துண்டு ஒன்றுக்குக் கேட்கிற காசில் இங்கே ஒரு மூட்டை நல்ல கட்டை கிடைக்கும்.

எங்கே கிடைக்கும் என்றால், மரம் அறுக்கும் மில்லில். பலகையாகக் கேட்டால் கன அடிக் கணக்கில் விலை சொல்வார்கள். ஓரத்தில் குவித்து வைத்திருக்கும் கழிவுக் கட்டைகளைக் கேட்டால் விறகு விலைதான், எடை போட்டுக் கொடுத்துவிடுவார்கள். நமக்கு வேண்டியது அதுதான். நான் வழக்கமாகப் போகும் மில்காரர் இன்னமும், "அடுப்புக்கா சார்?" என்றுதான் கேட்கிறார். கரண்டி செய்யப் போகிறேன் என்று சொன்னால் அதற்கும் சிரிக்கிறார். சிரிக்கட்டும், குவியலுக்குள் கைவிட்டுத் தேட விடுகிறாரே, அது போதும்.

முதல் மரமாக எதை எடுப்பது என்று கேட்டால் குமிழ் என்பேன். குமிழ்தேக்கு என்றும் சொல்வார்கள். விவசாயிகள் வரப்போரம் நட்டு வளர்ப்பதால் இப்போது தாராளமாக வருகிறது. வெளிர்மஞ்சள் நிறம், எடை குறைவு, காய்ந்தபின் அதிகம் கோணாது, உளிக்கு இசைந்து கொடுக்கும். காணொளிக்காரர்கள் பாஸ்வுட்டில் செய்து காட்டுகிற எதையும் பெரும்பாலும் இதில் செய்துவிடலாம். இதன் பக்கத்திலேயே மலைவேம்பும் கிடக்கும், அதுவும் லேசாகத்தான் இருக்கும், ஏமாந்துவிடக் கூடாது. அது பிளைவுட்டுக்குப் போகிற மரம். நுணுக்கமாக ஏதாவது செதுக்கப் போனால் நார் நாராகப் பிய்த்துக்கொண்டு வரும்.

வேம்பு வேறு ரகம். வைரம் பாய்ந்த, அதாவது உள்மரம் முற்றிய வேம்பில் பூச்சி வராது, வேலை முடிந்ததும் சிவந்த பழுப்பில் அழகாக இருக்கும். ஆனால் அதன் நார் ஒரே திசையில் ஓடாது. ஒரு அடுக்கு வலப்பக்கம் சாய்ந்து வளர்ந்தால் அடுத்த அடுக்கு இடப்பக்கம் சாயும். அதனால் எந்தத் திசையில் உளியை ஓட்டினாலும் ஒரு பட்டை வழவழப்பாகவும் அதை ஒட்டிய பட்டை கிழிந்துபோயும் வரும். நார் ஓடும் ரேகைக்கு நேராக ஓட்டாமல் கொஞ்சம் குறுக்குச் சாய்வாக, மெல்லிய சீவலாக எடுத்தால்தான் வழிக்கு வரும். தூள் மூக்கில் ஏறினால் தும்மல் நிற்காது. முகக்கவசம் போட்டுக்கொள்வது எந்த மரத்துக்கும் நல்லது, வேம்புக்கும் தேக்குக்கும் கட்டாயம்.

தேக்கு பற்றி ஒரு வார்த்தை. செதுக்கக் கூடாத மரம் இல்லை அது. செட்டிநாட்டு வீட்டுக் கதவுகளைப் பார்த்தவர்கள் யாரும் அப்படிச் சொல்ல மாட்டார்கள், பர்மாவிலிருந்து வந்த தேக்கில் அவ்வளவு வேலை செய்திருக்கிறார்கள். ஆனால் தேக்கின் உடம்பில் மணலில் இருக்கும் சிலிக்கா உண்டு. அது உளியின் கூரைத் தின்றுவிடும். தீட்டுவது கைக்கு வராத நாளில் தேக்கை எடுத்தால், மரத்தைச் செதுக்கும் நேரத்தைவிட உளியைத் தீட்டும் நேரம் கூடிவிடும். காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருப் பழம்பொருள் கடைகளில் உடைந்த தூண் துண்டுகளைப் பார்த்தால் எனக்கும் கை அரிக்கத்தான் செய்கிறது. அதற்குள் எங்கே ஆணி ஒளிந்திருக்கிறதோ என்ற பயத்தில் தொட்டுப் பார்த்துவிட்டு வந்துவிடுவேன்.

என் மரம் என்று ஒன்றைச் சொல்லச் சொன்னால் தூங்குமூஞ்சி. 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் சென்னையைப் புரட்டிப் போட்டபோது தெருவுக்குத் தெரு சாய்ந்த மரங்களில் இதுவும் நிறைய. தென் அமெரிக்கப் பக்கமிருந்து நிழலுக்காகக் கொண்டுவந்து வைத்த மரம், நம் சாலையோரங்களில் ஊன்றிவிட்டது. விறகுக்குக்கூட அவ்வளவு மதிப்பில்லை என்று ஒதுக்குவார்கள். அறுத்துப் பார்த்தால் உள்ளே காப்பிக்கொட்டை நிறத்தில் வைரம், அதைச் சுற்றி வெண்ணெய் நிறத்தில் வெள்ளை என்கிற வெளிமரம். இதன் பெரிய குணம், காயும்போது மிகக் குறைவாகச் சுருங்குவது. அதனால் முழுக்கக் காயாத கட்டையில்கூடத் துணிந்து கிண்ணம் குடையலாம். தாய்லாந்தில் இந்த மரத்தில் கிண்ணம் குடைந்து உலகத்துக்கே விற்கிறார்கள். நாம் இலை கூட்டுவதோடு நிறுத்திக்கொள்கிறோம்.

பூவரசையும் விடக்கூடாது. பழைய ஆட்கள் வண்டிக்கும் நாட்டுப் படகுக்கும் பயன்படுத்திய மரம். கடினம்தான், ஆனால் நார் மிக நெருக்கம், சின்னக் கோடும் உடையாமல் நிற்கும். பசிபிக் தீவுகளிலும் இது உண்டு. ஈஸ்டர் தீவின் புகழ்பெற்ற, இன்னும் யாரும் படித்து முடிக்காத ரொங்கோரொங்கோ எழுத்துப் பலகைகளில் சிலவற்றை ஆராய்ந்தபோது அவை பூவரசு என்றுதான் தெரிந்ததாம். நாம் இலையைச் சுருட்டிப் பீப்பி ஊதிய அதே மரம். வெட்பாலையும் அப்படித்தான். நமக்குத் தெரிந்ததெல்லாம் இலையைத் தேங்காய் எண்ணெயில் ஊறவைப்பது. கர்நாடகத்துச் சன்னபட்டணத்தின் மரப் பொம்மைகள் அதன் கட்டையில் கடைந்தவை.

சந்தனம், செம்மரம், ஈட்டி (ரோஸ்வுட்) மூன்றையும் பொழுதுபோக்குக்காரர்கள் தொடாமல் இருப்பது உத்தமம். சந்தனம் சொந்த நிலத்தில் நின்றாலும் வனத்துறை அனுமதி இல்லாமல் வெட்ட முடியாது. ஈட்டியைக் காக்கத் தமிழ்நாட்டில் 1994-ல் தனிச் சட்டமே போட்டார்கள். 2017 முதல் சர்வதேச வணிகத்திலும் கட்டுப்பாடு வந்துவிட்டது. "ஒரு சின்னத் துண்டு இருக்கு, வேணுமா?" என்று யாராவது காதோடு கேட்டால், வேண்டாம் என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டுங்கள்.

மரம் கிடைத்தாயிற்று, அடுத்து காய வைப்பது. கட்டையின் இரண்டு முனைகள் வழியாகத்தான் ஈரம் வேகமாகப் போகும், அதனால் வெடிப்பும் அங்கிருந்துதான் கிளம்பும். கொண்டுவந்த அன்றே முனைகளில் மிச்சமிருக்கும் பெயிண்டையோ உருக்கிய மெழுகையோ தடவிவிட வேண்டும். நடுக்குருத்து இருக்கும் கட்டை என்றால் அதன் வழியாகவே இரண்டாகப் பிளந்து வைப்பது நல்லது. முழு உருளையாக விட்டால் எப்படியும் வெடிக்கும், ஏனென்றால் மரம் வளையத்தை ஒட்டிய திசையில் சுருங்குவது மையத்தை நோக்கிச் சுருங்குவதைப் போல ஏறத்தாழ இரு மடங்கு. வெயிலில் போடக் கூடாது. காற்றோட்டமான நிழலில், தரையில் படாமல், இடையில் குச்சி வைத்து அடுக்கினால் போதும். அங்குலத் தடிமனுக்கு ஒரு வருடம் என்று சொல்வார்கள். கரண்டி அளவுத் துண்டுக்கு அவ்வளவு காத்திருக்க வேண்டியதில்லை. சமையலறைத் தராசில் வாரம் ஒருமுறை எடை போடுங்கள், எடை குறைவது நின்றால் காய்ந்துவிட்டது.

ஈரமே மரத்துக்கு எதிரி என்று நினைக்க வேண்டாம். அரைகுறை ஈரம்தான் எதிரி. காஞ்சிபுரம் அத்தி வரதர் அத்திமரச் சிலை. அத்தி ஒன்றும் தேக்கு மாதிரி உறுதியான மரமில்லை. ஆனாலும் நாற்பது வருடம் குளத்துக்கடியில் இருந்துவிட்டு, 1979-க்குப் பிறகு 2019 ஜூலையில் வெளியே வந்து 48 நாள் தரிசனம் தந்தார். நீருக்கடியில் காற்று இல்லாவிட்டால் மரத்தைத் தின்னும் பூஞ்சைக்குப் பிழைப்பில்லை. நம் மொட்டைமாடியில் மழைச்சாரல் படுவதும் காய்வதுமாகக் கிடக்கும் கட்டைதான் உளுத்துப்போகும்.

உளுப்புப் பூச்சி வருவது வெள்ளையில்தான், அதில் மாவுச்சத்து இருப்பதால். மாமரத்திலும் தூங்குமூஞ்சியிலும் வைரத்தை விட்டுவிட்டு வெள்ளையை மட்டும் சல்லடையாக்கிவிடும். கட்டைக்குக் கீழே மாவு மாதிரித் தூள் கொட்டிக் கிடந்தால் ஆள் உள்ளே இருக்கிறான் என்று அர்த்தம். வெங்காரம் (போராக்ஸ்) மூன்று பங்கு, போரிக் பவுடர் இரண்டு பங்கு வெந்நீரில் கரைத்து, செதுக்கப் போகும் கட்டையில் நன்றாக ஊறும்படி பூசிவிடலாம். கேரம் போர்டுக்குத் தூவும் பவுடர் பெரும்பாலும் இந்த போரிக் பவுடர்தான். சாப்பாட்டுக்குப் பயன்படும் கரண்டி, கிண்ணத்துக்கு மட்டும் இது வேண்டாம். அவற்றுக்கு வெள்ளையை வெட்டி எறிந்துவிட்டு வைரத்தில் செய்துகொள்ளுங்கள்.

இப்போது உளி. பன்னிரண்டு உளிகள் அடங்கிய பெட்டி என்று மலிவாக வரும் செட்டை வாங்காதீர்கள். அதில் பாதி எதற்கு என்று கடைசிவரை தெரியாது, மீதிப் பாதி கூர் நிற்காது. ஒரு நல்ல சின்னக் கத்தி, ஒரு பட்டை உளி, வளைவு உளிகளில் இரண்டு, கோடு போட 'வி' வடிவ உளி ஒன்று. வெகு நாளைக்கு இது போதும். வளைவு உளிகளுக்கு வெளிநாட்டில் எண் முறை உண்டு. 3 என்றால் கிட்டத்தட்டத் தட்டை, 9 என்றால் அரை வட்டம், 11 என்றால் ஆங்கில 'யு' மாதிரி ஆழம். கத்தி சுவீடன் மோரா, உளி சுவிட்சர்லாந்து ஃபைல் (Pfeil) என்றெல்லாம் பெயர்பெற்றவை இருக்கின்றன. ஒரு ஃபைல் உளி நானும் வைத்திருக்கிறேன். நல்ல சாமான், மறுப்பதற்கில்லை.

ஆனால் நான் அதிகம் எடுப்பது எங்கள் ஊர்க் கொல்லுப்பட்டறையில் அடித்து வாங்கிய உளிகளைத்தான். லாரி ஸ்பிரிங் பட்டையை அறுத்து, காய்ச்சி அடித்து, ஒரு குழாயின் மேல் வைத்து வளைவு எடுத்துக் கொடுத்தார் ஆசாரி. "எத்தனை வளைவு வேணும்?" என்று கேட்டார். 7 என்று சொன்னால் அவருக்குப் புரியாது. ஒரு அட்டையில் நூல் பிடித்து வளைவு வெட்டிக் கொடுத்தேன். முனையைச் செந்தணலாக்கி எண்ணெயில் முக்கியதும் இரும்பு கண்ணாடி மாதிரி ஆகிவிடுகிறது, அப்படியே விட்டால் தட்டும்போது பொட்டென்று உடையும். அதனால் முனையைத் தேய்த்து வெளுப்பாக்கி, பின்பக்கத்தை மெதுவாகச் சூடாக்கினார். நிறம் மெல்ல முன்னோக்கி நகர்ந்து வந்தது. வெட்டும் முனையில் காய்ந்த வைக்கோலின் மஞ்சள் நிறம் தட்டியதும் உடனே தண்ணீரில். அந்த மஞ்சள் வந்தால் ஏறத்தாழ 220, 230 டிகிரி என்று அர்த்தம். ஆசாரியிடம் வெப்பமானி கிடையாது. "ஊதாவுக்குப் போயிட்டா உளி சோம்பேறி ஆயிடும் தம்பி" என்றார்.

கைப்பிடியை மட்டும் நானே பூவரசில் செய்துகொண்டேன். தட்டுவதற்கு இரும்புச் சுத்தியல் ஆகாது, கைப்பிடி பிளந்துவிடும். மரக் கொட்டாப்புளிதான் வேண்டும். அதற்குப் புளியமரம் நல்ல மரம், எவ்வளவு தட்டினாலும் பிளக்காது.

உளி வாங்கிய அன்றே தீட்டக் கற்றுக்கொள்ள வேண்டும். தெருவில் வரும் சாணைக்காரரிடம் கொடுப்பதற்கில்லை, அந்த வேகத்தில் முனை நீலம் பாரித்து ஆசாரி ஏற்றிய பதம் போய்விடும். கார்போரண்டம் கல்லில் சரிவை இருபதிலிருந்து இருபத்தைந்து டிகிரிக்குள் எடுத்துக்கொண்டு, அப்புறம் கண்ணாடித் துண்டின் மேல் தண்ணீர் விட்டு ஒட்டிய வாட்டர் பேப்பரில் ஆயிரம், இரண்டாயிரம் என்று போனால் போதும். வளைவு உளியை ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்கு உருட்டிக்கொண்டே தீட்ட வேண்டும். மறுபக்கத்தில் விரல் நகத்தில் உரசும்படி மெல்லிய பிசிர் எழும். அது முழு நீளத்துக்கும் வந்துவிட்டதா என்று பார்த்துக்கொண்டு, கடைசியாகப் பழைய தோல் பெல்ட்டில் உலோகத்துக்கு மெருகேற்றும் பச்சைப் பாலிஷ் சோப்பைத் தேய்த்து, உளியைப் பின்னோக்கி மட்டும் இழுக்க வேண்டும். முன்னோக்கித் தள்ளினால் தோலைச் சீவிவிடும். விளக்குக்கு நேரே முனையைப் பிடித்துப் பாருங்கள். கூரான முனையில் வெளிச்சம் தங்காது. எங்காவது ஒரு புள்ளி மினுக்கினால் அங்கே மழுங்கல். பிறகு குமிழ்த் துண்டில் ரேகைக்குக் குறுக்கே ஒரு சீவல். வெட்டிய இடம் பாலிஷ் போட்டது போல மின்ன வேண்டும். நடுவில் வெள்ளைக் கோடு ஓடினால் முனையில் பல் விழுந்திருக்கிறது, திரும்பவும் கல்லுக்குப் போங்கள். மழுங்கிய உளியால்தான் கை வெட்டுப்படும். அது மரத்தில் இறங்காது, நாம் பலத்தைக் கூட்டுவோம், திடீரென்று வழுக்கும். இடது கைக்கு வெட்டுப்படாத கையுறை ஒன்று இருக்கட்டும். கட்டையைக் கையில் பிடிப்பதைவிட கிளாம்பில் இறுக்குவது இன்னும் நல்லது.

புதிதாக ஆரம்பிப்பவர்கள் பிள்ளையாரில் ஆரம்பிக்கிறார்கள். நான் பல்லாங்குழியில் ஆரம்பிக்கச் சொல்வேன். பதினான்கு குழி, பதினான்கும் ஒன்றுபோல வர வேண்டும். உளிப் பழக்கத்துக்கு இதைவிட நல்ல பாடம் இல்லை. பதினெட்டு அங்குல நீளம், ஐந்தரை அங்குல அகலம், ஒன்றரை அங்குலத் தடிமன் கொண்ட பலகை எடுத்துக்கொண்டால் இரண்டு அங்குலக் குழி ஏழு, நடுவிலும் ஓரத்திலும் அரை அங்குல இடைவெளி, கணக்குச் சரியாக உட்காரும். காம்பஸில் வட்டம் போட்டு, விளிம்புக் கோட்டுக்குக் கொஞ்சம் உள்ளே தள்ளி ஆரம்பிக்க வேண்டும். விளிம்பிலிருந்து குழியின் அடியை நோக்கி இறங்கினால் நார் அடங்கி வெட்டுப்படும். அடியைத் தாண்டி எதிர்ப்பக்கம் ஏறப் பார்த்தால் நார் கிளம்பிக் கிழியும். அதனால் ஒரு பக்கம் பாதி வரை, பிறகு பலகையைத் திருப்பி மறு பக்கம் பாதி வரை. இரண்டும் சந்திக்கும் அடியில் மட்டும் ரேகைக்குக் குறுக்காக மெல்லச் சீவி ஒன்றாக்க வேண்டும். குழியின் வளைவைவிட உளியின் வளைவு கொஞ்சம் கூடுதலாக இருக்கட்டும், இல்லையென்றால் உளியின் இரு மூலைகளும் குத்திக் கோடு போட்டுக்கொண்டே போகும்.

ஆழம் முக்கால் அங்குலம். அழகுக்காக இன்னும் இறக்கலாமே என்று எனக்கு ஒரு நினைப்பு. அம்மா ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். "ஆழமா இருந்தா ஒத்த முத்த எடுக்க விரல் போகாதுடா. ஆடறவ கை வேகமா ஓடணும்." குழியில் நாலு முத்து சேர்ந்ததும் 'பசு' என்று அள்ளுகிற வேகத்தைப் பார்த்தால் அவர் சொன்னது நியாயம். அந்த வேகத்துக்குக் குழியின் விளிம்பும் கூராக இருக்கக் கூடாது, நகம் மாட்டும். லேசாக உருட்டிவிட வேண்டும்.

எங்கள் ஊர்ப் பக்கம் பச்சைமலை அடிவாரத்தில் இருக்கிறது அரும்பாவூர். வாகை, மா, வேம்பு என்று அந்தப் பக்கத்து மரங்களில் சாமி சிலைகள் செதுக்கும் ஊர். 2020-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. கள்ளக்குறிச்சி மரச்சிற்பங்களுக்கு அதற்கு அடுத்த வருடம். அரும்பாவூர் வேலையில் பெரும்பாலும் ஒட்டு கிடையாது, ஒரே கட்டைதான். அங்கே போய்ப் பார்த்தபோது எனக்கு வியப்பாக இருந்தது சிலை இல்லை, உட்காரும் விதம். மேசையும் இல்லை, கிளாம்பும் இல்லை. தரையில் உட்கார்ந்து, கட்டையைக் கால்களால் பிடித்துக்கொண்டு, வேண்டிய பக்கம் வேண்டியபோது திருப்பிக்கொள்கிறார்கள். ரேகை மாறும் இடத்தில் உளியை மாற்றுவதற்குள் கட்டையே மாறிவிடுகிறது. நான் வீட்டில் முயன்று பார்த்தேன், கால் மணி நேரத்தில் இடுப்பு பிடித்துக்கொண்டது. மேசைக்கே திரும்பிவிட்டேன்.

உப்புத்தாளை உளி வேலை முழுக்க முடியும் வரை எடுக்கவே கூடாது. அதன் மணல் துகள் மரத்தில் தங்கிவிட்டால் அடுத்து வைக்கும் உளி மழுங்கும். 120, 180, 220 என்று போய், ஈரத்துணியால் ஒருமுறை துடைத்தால் அமுங்கியிருந்த நார் எழுந்து நிற்கும். காய்ந்ததும் 320-ல் மெல்லத் தேய்த்துவிட்டால் பிறகு எழாது. குழிகளுக்கு இப்படிச் செய்வேன். பலகையின் பக்கவாட்டில் உளித் தடத்தை அப்படியே விட்டுவிடுவேன். எல்லாவற்றையும் வழவழவென்று தேய்த்துவிட்டால் மிஷினில் வந்ததற்கும் கையில் வந்ததற்கும் வித்தியாசம் தெரிவதில்லை, அதற்கு எதற்கு இவ்வளவு பாடு?

மெருகுக்குத் தேங்காய் எண்ணெய் தடவலாமா என்று எல்லாரும் கேட்கிறார்கள். தடவலாம், ஆனால் அது காயாத எண்ணெய். சில வாரத்தில் துணியிலும் கையிலும் போய்விடும், செக்கு எண்ணெய் என்றால் சிக்கு வாடையும் வரலாம். ஆளிவிதை எண்ணெய் காற்றிலிருக்கும் ஆக்சிஜனை இழுத்து மரத்துக்குள்ளேயே இறுகிவிடும். மெல்லியதாக ஒரு பூச்சு, கால் மணி நேரம் கழித்து மிச்சத்தைத் துடைத்து, நாலைந்து நாள் காயவிட்டு அடுத்த பூச்சு. கடையில் 'பாயில்டு' என்று விற்பதில் சீக்கிரம் காய்வதற்கு உலோக உப்புகள் கலந்திருக்கும். அது பல்லாங்குழிக்குச் சரி, கரண்டிக்குக் கூடாது. கரண்டிக்குக் கலப்பில்லாத எண்ணெயும் மேலே கொஞ்சம் தேன்மெழுகும். கண்ணாடி மாதிரிப் பளபளப்பு வேண்டும் என்பவர்களுக்கு அரக்கு இருக்கிறது. தகடு தகடாக விற்பதை ஸ்பிரிட்டில் கரைத்துப் பஞ்சுப் பொதியால் பூச வேண்டும். சீக்கிரம் காயும், அழகாகவும் இருக்கும். சூடான டம்ளர் வைத்தால் வெள்ளை வட்டம் விழும்.

ஆளிவிதை எண்ணெய் துடைத்த துணியைக் கசக்கிக் குப்பைக்கூடையில் போடாதீர்கள். இறுகும்போது வெப்பம் வெளிவரும். சுருட்டிய துணிக்குள் அது சேர்ந்து தானாகவே தீப்பிடிக்கும், இது கதையல்ல. கொடியில் விரித்துக் காயப்போடுங்கள், அல்லது தண்ணீர் வாளியில் முக்கி வையுங்கள்.

செய்ததைப் பார்த்த உறவுக்காரர்கள் இப்போது ஆர்டர் கொடுக்க ஆரம்பித்திருக்கிறார்கள். கரண்டி, மத்து, பல்லாங்குழி என்றால் மரம் கொண்டுவரச் சொல்லிச் செய்து கொடுத்துவிடுகிறேன், காசு வாங்குவதில்லை. புதுமனை புகுவிழாவுக்கு இரண்டடிப் பிள்ளையார் வேண்டும், "கடையில் ரொம்பச் சொல்றான், நீயே செஞ்சு குடேன்" என்று வந்த சித்தப்பாவை மட்டும் பெரம்பலூருக்குப் பஸ் ஏறச் சொல்லிவிட்டேன். அங்கிருந்து அரும்பாவூருக்கு வண்டி இருக்கிறது. பேரம் பேசாமல் வாங்கி வாருங்கள் என்றும் சொன்னேன். பேசியிருப்பார்.